ஓய்வு நேரம்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நிருபர்களின் தொல்லைக்குப் பயந்து போனை அணைத்து வைத்தாய், சரி. கூடப் பிறந்தவளுக்கும் சேர்த்தா அணைக்க வேண்டும்? எங்கள் வக்கீலும் முக்கியமான எதையும் போனில் பேசாதீர்கள் என்கிறார். முன்பெல்லாம் உங்கள் ஊருக்குப் பறக்கும் யாராவது ஒரு விமானியின் கையில் கொடுத்தால் சாயங்காலமே கடிதம் உன்னிடம் வந்துவிடும். நாளை முதல் நம் கம்பெனி விமானம் ஒன்றும் பறக்காது. இனித் தபால்தான். அது வரும்போது வரட்டும்.

ஆமாம், வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. வேலைநிறுத்தம் உறுதி. டயர் கடை மாடியிலிருக்கும் நம் யூனியன் அலுவலகத்தை நீ பார்த்திருக்கிறாயே, நாற்காலி போதாமல் பெரிய பெரிய கேப்டன்கள் எல்லாம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கை தூக்கியது யார் தெரியுமா? மீசை கேப்டன். "யூனியனாவது மண்ணாவது" என்று இத்தனை காலம் சொல்லித் திரிந்தவர். "அந்தப் பையன் மைக்கில சொன்னதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷமா துணிச்சல் வரல" என்றார்.

விமானிகளின் களைப்பைப் பற்றிச் செயலாளராக நான் எழுதிய மனுக்களைக் கம்பெனி பிரித்துக்கூடப் பார்த்திருக்காது. விமானம் கிளம்பும் முன் நீ மைக்கில் ஒரே ஒரு நிமிடம் பேசினாய். "உங்க கேப்டன் பேசறேன். காலையிலேருந்து எனக்கு இது நாலாவது விமானம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், மண்டையில ஏறல. இப்ப நான் ஓட்டறது உங்களுக்குப் பாதுகாப்பில்லை. மன்னிச்சுக்குங்க." யாரோ ஒரு பயணி அதைப் படம் பிடித்தார், ஊரே கேட்டது, கம்பெனி உன்னை வேலையிலிருந்து நீக்கியது.

கோரிக்கை இரண்டுதான். ஒன்று, ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் நடுவே ஒழுங்கான ஓய்வு நேரம். இரண்டு, உன் வேலை. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை வாங்க மாட்டோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் பேச்சைக் கேட்டு நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். தூங்கத்தானே வேலையை விட்டேன் என்று எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன். "சும்மா இருக்கிற நேரத்துல பரணையாவது ஒழிச்சுக் குடேன்" என்றாள் அம்மா. ஒழித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது ஜன்னல்களுக்கு வண்ணம் அடிக்கச் சொல்கிறாள். கம்பெனியே தேவலை.

அம்மா நாள் முழுக்கச் செய்தி பார்க்கிறாள். விமான நிலையத்தில் பெட்டியைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்திருக்கிற ஜனங்களைத்தான் காட்டுகிறார்கள். எழுந்து உள்ளே போய்விடுவேன்.

நேற்று மருந்துக்கடையில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதானே அந்தப் பைலட்?" என்று கேட்டாள். தலையாட்டினேன். "என் பொண்ணுக்கு நாளைக்கு ஆபரேஷன். அவங்கப்பா வேலை பாக்கற ஊர்லயே மாட்டிக்கிட்டார்" என்றாள். திட்டப் போகிறாள் என்று நின்றேன். "நீங்க சொன்னது சரிதாங்க, தப்புன்னு சொல்லல" என்று சொல்லிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

இது என் ஒருவனால் வந்தது என்ற நினைப்பு போகமாட்டேன் என்கிறது. நீ அப்படியில்லை என்று எழுதுவாய். எழுது, படித்துக்கொள்கிறேன்.

மாமாதான் இப்போது சமையலாமே. இருவரும் பிழைத்திருக்கிறீர்களா?

தம்பி


பிப்ரவரி 17

அன்புத் தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் இறங்கி வருகிறார்கள். ஓய்வு நேரம் பற்றி நாம் கேட்டது ஏறக்குறைய முழுவதும் கிடைத்துவிடும் போலிருக்கிறது. மற்றதெல்லாம் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் பிறகுதான் வெளியே சொல்ல முடியும். நீ ஒன்றும் கேட்காதே.

மாமா சமையல் பரவாயில்லை. என்னால்தான் சாப்பிட முடியவில்லை. சாம்பல் தின்பது போல இருக்கிறது. வேலை மும்முரம், வேறொன்றுமில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

இதைப் படித்ததும் கோபப்படாதே. முழுவதும் படி.

கம்பெனி எதற்கு இறங்கி வரும், எதற்கு வராது என்று எனக்குத் தெரியும். விமானம் ஓட்ட மறுத்ததைக்கூட மன்னிப்பார்கள். பயணிகளிடம் நேரே பேசியதை மன்னிக்க மாட்டார்கள். என்னைத் திரும்பச் சேர்த்தால் நாளை ஒவ்வொரு விமானியும் மைக்கை எடுப்பான் என்ற பயம் அவர்களுக்கு. அந்த ஒரு முடிச்சில்தான் எல்லாம் நிற்கும்.

அதனால் சொல்கிறேன், என்னை விட்டுவிடு. ஓய்வு விதியை வாங்கிக்கொள். நான் மைக்கை எடுத்தது அதற்காகத்தானே தவிர, என் வேலைக்காக இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்கவில்லை என்று பெருமையாகச் சொல்லப் பார்த்தேன். நடுங்குகிறது. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து வேறு எந்த வேலையையும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. உனக்குத் தெரியாததா? நீ பறக்கப் போனதைப் பார்த்துத்தானே நானும் கிளம்பினேன்.

ஆனாலும் யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் கையால் என் பெயரை அடிக்க வேண்டியிருக்கும், உனக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம் என்றுதான் நானே சொல்லிவிடுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 22

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடியே செய்துவிட்டேன்.

நேற்றுப் பொதுக்குழு. உன் வேலை ஒப்பந்தத்தில் இல்லை என்று சொன்னதும் கூட்டம் கொதித்தது. "அந்தப் பையனை வித்துட்டீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யூனியன் தலைவர் எழுந்து ஏதோ சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அப்போது பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். "நான் மைக்கை எடுத்தது அதற்காகத்தானே" என்ற இடம் வந்தபோது கூடம் அடங்கிவிட்டது. மீசை கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். ஒப்பந்தம் ஒருமனதாக நிறைவேறியது. இன்று காலை முதல் விமானங்கள் பறக்கின்றன.

உன்னைப் போல ஒரு தம்பி யாருக்கு வாய்ப்பான் என்று எல்லாரும் கேட்டார்கள். வெளியே ஒரு நல்ல வேலை பார்த்துத் தருவது யூனியனின் பொறுப்பு என்று தீர்மானமும் போட்டிருக்கிறோம். உனக்கு ஒரு குறையும் வராது.

ஏதோ நிறைய எழுத வேண்டும் போல இருக்கிறது. முடியவில்லை.

அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

நேற்று மீசை கேப்டன் இந்த ஊருக்கு விமானம் கொண்டுவந்தார். நம் வீட்டில்தான் சாப்பிட்டார். அம்மாவிடம் "நீங்க பெத்தது பிள்ளையில்லைம்மா, தங்கம்" என்று சொல்லி, அவளை அழவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். "உங்க பையன் லெட்டர் வந்த பிறகுதான் செயலாளரம்மா மனசு உடைஞ்சு கையெழுத்துப் போட்டாங்க" என்றார். ஆசையாக ஒப்பந்தத்தின் நகலையும் எடுத்துவந்து காட்டினார்.

உன் கையெழுத்தின் கீழே தேதி இருக்கிறது. பிப்ரவரி 16. நான் உனக்கு எழுதியது அதற்கு மறுநாள்.

நகலை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு கரண்டி போடட்டுமா என்று கேட்டேன்.

நீ கையெழுத்துப் போட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் அதைத்தானே சொன்னேன். ஆனால் நான் கொடுப்பதற்கு முன்பே நீ எடுத்துக்கொண்டுவிட்டாய். பிறகு, எடுத்துக்கொண்டதை நான் கொடுத்ததாக ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறாய். என் கை நடுங்கியதையும் படித்தாயா, அதை மட்டும் விட்டுவிட்டாயா? அந்தக் கடிதத்தை நான் அக்காவுக்கு எழுதினேன். செயலாளருக்கு எழுதவில்லை.

ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லியிருந்தாலும் ஓடி வந்திருப்பேன். சரியென்றும் சொல்லியிருப்பேன்.

யூனியன் எனக்கு வேலை பார்க்க வேண்டாம். கொஞ்ச நாள் எழுதாதே.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

கையெழுத்துப் போட்ட அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். கம்பெனி மேலாளர் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். "ரெண்டும் கிடைக்காது மேடம். ஓய்வு விதி வேணும்னா இப்பவே கையெழுத்துப் போடுங்க. உங்க தம்பிதான் முக்கியம்னா எழுந்து போங்க. வெளியில ஜனங்ககிட்ட நாங்க அப்படியே சொல்லிக்கிறோம்" என்றார். யூனியன் தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய பெயராக இருந்தாலும் நான் எழுந்து வெளியே வந்து, உறுப்பினர்களைக் கேட்டு, அந்த ஆளையும் கேட்டிருப்பேன். உன் பெயர் என்பதால்தான் கேட்கவில்லை. தம்பிக்காகப் போராட்டத்தை இழுக்கிறாள் என்று ஒருத்தர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நீ யாரோ ஒரு விமானியாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் போராடியிருப்பேன். என் தம்பியாகப் பிறந்ததுதான் உனக்கு வினையாயிற்று.

என்னை விட்டுவிடு என்ற உன் கடிதம் வந்தபோது நான் முதலில் அழவில்லை. தப்பித்தோம் என்றுதான் தோன்றியது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை நடுங்குகிறது என்ற வரியை விட்டுவிட்டுத்தான் படித்தேன்.

உன் இரண்டாம் தேதிக் கடிதம் வந்த பிறகு பொதுக்குழுவைத் திரும்பக் கூட்டினேன். கையெழுத்து முதல் நாள், கடிதம் மறுநாள், நான் உங்களிடம் பொய் சொன்னேன் என்று நின்று சொன்னேன். கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்தேன். முன்வரிசையில் ஒருவர், "அதனால என்ன மேடம், ஒப்பந்தம் நல்லாத்தானே இருக்கு. அடுத்த விஷயத்துக்கு வாங்க" என்றார். பலரும் தலையாட்டினார்கள். மீசை கேப்டன் மட்டும் எழுந்து, என்னைப் பார்க்காமல், வெளியே போய்விட்டார். அவர் ஒருவர்தான் எனக்கு அன்று ஆறுதலாக இருந்தார். பதவியை விட்டுவிட்டேன். வேண்டாம் என்று தடுத்தார்கள். தடுத்தபோது இன்னும் கூசியது.

நேற்று வேறொரு ஊரில், ஓட்டலில் இருந்தேன். விடிந்ததும் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தேன். பணி அட்டவணை போடும் பெண் கூப்பிட்டாள். "மேடம், நேத்து உங்க விமானம் தாமதமாச்சு இல்ல, புது விதிப்படி உங்க ஓய்வு நேரம் இன்னும் முடியல. வேற கேப்டனைப் போட்டாச்சு. நீங்க தூங்குங்க" என்றாள். இத்தனை வருட வேலையில் கம்பெனியிலிருந்து ஒருத்தர் என்னைத் தூங்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

தூங்கினேன். மனசு இருக்கிற இருப்புக்குத் தூக்கம் வரக் கூடாதுதான். வந்தது. மதியம் விழித்தபோது உடம்பு பஞ்சு போல இருந்தது. தலையில் பாரமில்லை. எத்தனை சுகம் என்று நினைத்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்த பிறகுதான், அந்தத் தூக்கம் யாருடையது என்பது நினைவுக்கு வந்தது. இனி நான் நன்றாகத் தூங்கி எழும் நாளெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் நானே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதற்காகத்தான். நீ உன் அறைக் கதவைத் திறக்க வேண்டாம். கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுச் சாயங்கால விமானத்தில் திரும்பிவிடுகிறேன். அந்த விமானத்தை ஓட்டுபவர் ஓய்வெடுத்துவிட்டு வந்திருப்பார்.

அக்கா