புதன்கிழமை வாருங்கள்

கெசிக்,
6 பிப்ரவரி 2005

என் பிரியமான பிரையனி அக்காவுக்கு,

நீ நியூகாசில் ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து உன் கட்டிலில் நாய் படுத்துக்கொள்கிறது. துரத்த மனமில்லை. நூலகத்தில் உன் நாள்பட்ட களைப்பு நோயைப் பற்றித் தேடினேன். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், வாரந்தோறும் கூட்ட வேண்டும், எவ்வளவு களைப்பானாலும் குறைக்கக் கூடாது என்று உன் ஆஸ்பத்திரி சொல்வதைத்தான் அங்கிருந்த புத்தகத்திலும் போட்டிருக்கிறது. அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. மலை ஓட்டக் கழகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லித்தருவதும் அதுதானே! "ஸ்கிடா மலையில எவன் முதல் நாளே உச்சிக்குப் போனான்? கோடைக்குள்ள அவ பழையபடி என்னை முந்திடுவா, பாரு" என்கிறார். அம்மா மட்டும் தலை நிமிராமல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

விடாமல் முயற்சி செய், அக்கா.

உன் ஹெட்டி என்கிற ஹெஸ்டர்

நியூகாசில்,
20 பிப்ரவரி

ஹெட்டி,

படுத்தபடி எழுதுகிறேன். எழுத்து கோணல் என்று திட்டாதே.

திங்கட்கிழமைதோறும் நடையைக் கூட்டுகிறார்கள். அன்றைக்கு எப்படியோ நடந்துவிடுகிறேன். பயிற்சி தரும் கிளெம்மி, "பாத்தியா, முடியுதுல்ல!" என்று கைதட்டுகிறாள். புதன்கிழமைதான் அது என்னை அடித்துப் போடுகிறது. கையைத் தூக்க முடியாது. வெளிச்சம் குத்துகிறது. சொன்னால், "பயப்படறடா கண்ணு, அவ்வளவுதான்" என்கிறாள். நல்லவள். கோபப்படவும் முடியவில்லை.

சனிக்கிழமை நீங்கள் வரும்போது கொஞ்சம் எழுந்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் முந்தையதைவிட மோசம். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக அப்பாவிடம் சொல், ஹெட்டி. நான் கேட்டால் என் நோய் பேசுகிறது என்கிறார்கள்.

பிரையனி

கெசிக்,
27 பிப்ரவரி

அக்காவுக்கு,

உன்னைப் பார்த்துவிட்டு நேற்று காரில் திரும்பும்போது கேட்டேன்: "கால் உடைஞ்சவனை மலையில ஓட விடுவீங்களாப்பா?"

"உடைஞ்சா எக்ஸ்ரேல தெரியும், வாயாடி. இவளுக்கு எந்தச் சோதனையிலயும் ஒண்ணும் தெரியலையே. பாதியில விட்டா அப்புறம் எழவே மாட்டா."

"சோதனையை விடுங்க. புதன்கிழமை ஒருநாள் போய்ப் பாக்கலாம்."

"உனக்குப் பள்ளிக்கூடம்?"

"ஒருநாள் நான் பூகோளம் படிக்கலேன்னா மலை எங்கேயும் போயிடாது."

சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி சம்மதம் என்று உனக்குத் தெரியுமே. இந்தப் புதன்கிழமை வருகிறோம். எங்களுக்காகத் தேறியவள்போல் இருக்காதே, அக்கா. தலைகூட வாரிக்கொள்ளாதே.

ஹெஸ்டர்

கெசிக், கீழ் அறை,
19 மார்ச்

அக்கா,

மாடிக்கும் கீழுக்கும் நடுவில் கடிதமா என்று நினைக்காதே. பேச்சுச் சத்தம்கூட உன்னை வதைக்கிறது என்று அம்மா சொன்னாள்.

அந்தப் புதன்கிழமை நீ எங்களைக் கவனித்திருக்க மாட்டாய். நீ கழிப்பறைக்குத் தரையில் தவழ்ந்து போனதை அப்பா கதவருகே நின்று பார்த்தார். கிளெம்மி ஓடிவந்து, "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் மோசம்" என்றாள். "எத்தனை புதன்கிழமையா?" என்று அப்பா கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் உன்னைத் தூக்கிக்கொண்டார். அப்படியே காரில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்தால் தேறிவிடுவாய் என்று நம்பியிருந்தேன். எப்போது என்று மருத்துவருக்கும் தெரியவில்லை.

அப்பா ஓடிவிட்டு வந்ததும் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடுகிறார். காலுறையோடு சத்தமில்லாமல் படியேறி, உன் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறார். உள்ளே வர மாட்டேன் என்கிறார். நேற்று நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நான்தானே..." என்று தொடங்கினார்.

இதை அம்மா உன் தலையணைக்கு அடியில் வைப்பாள். முடிகிற நாளில் படி. அது எந்த நாள் என்று இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டோம்.

ஹெஸ்டர்