நம் தெருத் தோட்டமும் நான் மறைத்த பேச்சும்

பிரியமுள்ள என்னங்க,

இருபத்தேழு வருஷமும் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் எப்படிப் பேர் எழுத வரும்?

நம் வீட்டுக்கு எதிரே குப்பையும் கருவேலமுள்ளுமாகக் கிடந்ததே, பூங்காவுக்கென்று நகராட்சி ஒதுக்கிய மனை, அது இப்போது தோட்டம். மறைமலைநகரில், நம் தெருவில், வெண்டையும் சிறுகீரையும் விளைகிறது என்றால் நம்புவீர்களா? கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வேலியோரமாக நின்று, யாருடைய பாத்தியில் என்ன காய்த்திருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள்.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் ஒன்று இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

அந்தப் பெருமழை ஞாபகம் இருக்கிறதா? நம் வாசலில் மணல் மூட்டை அடுக்கினீர்கள். தண்ணீர் திரும்பிப் பக்கத்தில் தேவராஜ் வீட்டுக்குள் புகுந்தது. பதறிப்போய் மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு, பக்கெட்டோடு அங்கே ஓடினீர்கள். நீங்கள் இருவரும் உள்ளே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி ஸ்டெல்லா வெளியே வந்து, எல்லாம் நாசமாகிவிட்டதே என்று என்னிடம் அழுதாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். "ரெண்டே பேர் இருக்கிற வூட்ல அப்படி இன்னா பெருசா நாசமாயிடும்?" என்று கேட்டுவிட்டேன்.

எத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கியும் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. அது தெரிந்துதான் கேட்டேன். நம் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போது என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து தேவராஜ் கம்பெனி பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. பின் சீட்டுக்குப் போய்விட்டார். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள் நீங்கள். "நான்தான் கூடவே நின்னு தண்ணியெல்லாம் எறைச்சேனே கோமதி, இன்னும் இன்னா கோவம் அவனுக்கு?" என்று எத்தனை தடவை கேட்டீர்கள். "வுடுங்க" என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் இருந்த ஐந்து வருஷமும் அதைத்தான் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. தேவராஜ் உங்கள் பாடைக்குத் தோள் கொடுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் போய்விட்டார்.

அப்புறம் நான் வாசல்படி இறங்கவில்லை. சர்க்கரை ஏறியது. காலில் ஒரு புண் ஆறாமலே நின்றது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீடு வீடாக வந்து பார்த்தபோது, தெருவில் பாதிப் பேருக்கு இதே கதை. "நடங்க, காய்கறி சாப்பிடுங்க" என்றார். "எங்க நடக்கறது, லாரிக்கு நடுவுலயா?" என்று எரிச்சலோடு கேட்டேன். அவர் ஜன்னல் வழியே எதிர் மனையைப் பார்த்தார். அடுத்த வாரமே நகராட்சிக்கு ஒரு மனு எழுதி, தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கினார். அனுமதி வந்ததும் எல்லாரும் சேர்ந்து முள் வெட்டினோம். ஆளுக்கொரு பாத்தி என்று சீட்டுக் குலுக்கினோம். என் பாத்திக்குப் பக்கத்துப் பாத்தி ஸ்டெல்லாவுக்கு விழுந்தது.

மாற்றித் தரச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இரண்டு பாத்திக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். அவள் ஊற்றி முடித்து வரப்பில் போட்டுவிட்டுப் போவாள். நான் எடுத்துக்கொள்வேன். இரண்டு மாதம் ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்கள் சிரித்துப் பேசி விதை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் விற்க வருகிற அம்மா மீன் கழிவு கொண்டுவந்து கொடுத்தாள். வெல்லம் போட்டு ஊறவைத்துத் தெளித்ததில் தெருவே நாறியது. வெண்டை மட்டும் மளமளவென்று வளர்ந்தது.

ஒரு நாள் காலை, வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு களை எடுக்கப் போனேன். கண் இருட்டியது, சாய்ந்துவிட்டேன். தெளிந்தபோது என் தலை ஸ்டெல்லாவின் மடியில் இருந்தது. வாயில் சர்க்கரை இனித்தது. தேவராஜ் சாலையில் ஓர் ஆட்டோவை மறித்துக்கொண்டிருந்தார்.

சுகாதார நிலையத்து பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அன்னிக்கு மழையில நான் கேட்டது பெரிய பாவம் ஸ்டெல்லா" என்றேன்.

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "கோவம் போயிடுச்சின்னு பொய் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் கீது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நீ மொதல்ல காலையில ஒழுங்கா நாஸ்தா துன்னு."

தேவராஜ்தான் கேட்டார், "அண்ணாத்த இதுக்கு இன்னா சொன்னாரு?"

"அவர்கிட்ட நான் சொல்லவே இல்லண்ணா."

அவருக்கு அது புரிய நேரமாயிற்று. "தெரிஞ்சிகினே கம்முனு கீறாருன்னு நெனச்சேன்மா. அதான் எனக்குத் தாங்கல" என்றார். பிறகு, "அப்போ அவரு மேல ஒண்ணும் இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்து அவர் நிமிர்ந்தபோது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

என்னங்க, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அது உங்கள் சிநேகிதருக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிய வேண்டும், ஊருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் எல்லார் கண்ணிலும் படும்படி இதை எழுதுகிறேன். ஸ்டெல்லாவிடம் கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ, என்னைக் குண்டுன்னு மட்டும் எழுதாத" என்றாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு காலியாக வரும்போதெல்லாம் என்னதான் நினைத்துக்கொண்டு போனீர்கள்? அதை மட்டும் இனி யாரிடம் கேட்பேன்?

கால் புண் ஆறிவிட்டது. சர்க்கரை இறங்கி, டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார். காலையில் தோட்டத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நடக்கிறோம். ஸ்டெல்லா சில நாள் என்னோடு பேசிக்கொண்டே வருவாள், சில நாள் முன்னால் போய்விடுவாள். இரண்டுக்கும் பழகிக்கொண்டேன். எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது, "நானும் பின்னாடியே வந்துடறேன்" என்று கத்தினேனாம். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, தினமும் நடந்து, ரொம்ப மெதுவாகத்தான் வருவேன். இது சத்தியம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
கோமதி