எட்டாம் நாள் படையலும் மூன்று கரடிகளும்

கரடிமேலுள்ள ஆசையால் என் பிள்ளைகளுக்குக் கரடி மாமாவாக இருந்த என் அத்தானுக்கு,

நீங்கள் போய் மூன்று கிழமையாகிறது. இங்கே எங்கடின் பள்ளத்தாக்கின் மலை உச்சிகளில் பனி விழத் தொடங்கிவிட்டது. நீங்கள் சமைத்த ஹோட்டலில் உங்கள் இடத்துக்கு ஒரு போர்த்துக்கேயரை எடுத்திருக்கிறார்கள். அக்கா இப்போது ஓரளவு சாப்பிடுகிறா. இவற்றை முதலில் எழுதுகிறேன், மற்றதை எழுதக் கூச்சமாக இருப்பதால்.

இந்தக் கோடையில் இத்தாலிப் பக்கமிருந்து இரண்டு குட்டிகளோடு வந்த தாய்க்கரடியைக் காருக்குள் இருந்து பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு குட்டி மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் முனகியது. நீங்கள் ரொட்டிப் பார்சலைப் பிரித்தீர்கள். நான் கையைப் பிடித்தேன். நம் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி வீடு தேடி வரும், பிறகு சுட்டுவிடுவார்கள் என்றேன். "சரி தம்பி, பேப்பர்காரர் சொன்னாக் கேக்கத்தானே வேணும்" என்று ரொட்டியை நீங்களே சாப்பிட்டீர்கள். பிறகு அதையே என் பேப்பரில் கட்டுரையாகவும் எழுதினேன்.

எட்டாம் நாள், வழக்கப்படி உங்களுக்குப் பிடித்ததெல்லாம் அக்கா சமைத்தா. படைத்தபின் ஒரு பங்கை முச்சந்தியில் வைக்க வேண்டும். ஊரிலென்றால் நாயோ காகமோ தின்னும். இங்கே தெருவில் வைத்தால் பொலிசுக்குச் சொல்வார்கள் என்று, சூரிச்சிலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி, காட்டுப்பாதை பிரியும் இடத்தைக் காட்டினார். நான் கரடியைப் பற்றி வாய் திறந்தேன். "செத்த மனுசனை விட இவருக்குக் கரடியிலதான் கவலை" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. "அவர் பசியோட போகக்கூடாது தம்பி" என்றா.

வாழையிலையை நானே காவிக்கொண்டு போனேன்.

வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். காருக்குள் இருந்தேன். பொழுதுபடும் நேரம் மூன்றும் வந்தன. தாய் நெடுநேரம் முகர்ந்துவிட்டுத்தான் வாயை வைத்தது. ஒரு குட்டி கோழிக்கறிக்குள் மூக்கை விட்டுத் தும்மியது. மிளகாய்த்தூள் உறைத்திருக்க வேண்டும். மற்றது இலையை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்துத் தடுக்கி விழுந்தது. அவ்வளவு கிட்ட நாம் அவற்றைப் பார்த்ததில்லை. ஹோர்னை அழுத்தியிருந்தால் ஓடியிருக்கும். நான் அழுத்தவில்லை. நீங்கள்தான் வந்து சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்து அழுதேன், அத்தான். சந்தோஷமாகவும் இருந்தது.

அதன்பிறகு தாய்க்கரடி ஹோட்டல் வேலையாட்கள் வீட்டுக் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தது. அடுத்து ஒருவரின் கோழிக்கூட்டை உடைத்தது. நேற்று வனவிலங்குக் காவலர் நம் வீட்டுக்கு வந்தார். கரடியின் எச்சத்தில் கிடந்த ஓர் இலையைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார். கறிவேப்பிலை.

கோபமில்லாமல்தான் கேட்டார். யாராவது சாப்பாடு வைத்தார்களா? ஒருமுறையா, பலமுறையா? ஒருமுறை என்றால் ரப்பர் குண்டால் வெருட்டிக் காட்டுக்குத் திருப்பிப் பார்க்கலாம், தானாக வீடு தேடப் பழகிய கரடி என்றால் மேலிடம் வேறு முடிவெடுக்கும் என்றார். தாயில்லாமல் அந்தக் குட்டிகள் இந்தக் குளிரைத் தாண்டுமா?

அக்காவின் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. என் பக்கம் திரும்பினா. "காட்டில எத்தினை இலை கிடக்கும். எங்களுக்குத் தெரியாதெண்டு சொல்லு தம்பி."

காலமெல்லாம் மற்றவர்களிடம் கேள்வி கேட்டே பிழைத்த நான், அதைப் பிழையில்லாத ஜெர்மனில் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இன்று பின்னேரம் அக்காவிடம், நான் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். "அவருக்குச் சோறு வைச்சது பிழையே?" என்று மட்டும் கேட்டா. இதற்கு நான் என்ன சொல்ல, அத்தான்? நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

விடிந்ததும் காவலரிடம் போகிறேன். வைத்தது நான், ஒரேயொரு முறை, நேற்றுப் பொய் சொன்னதும் நான் என்பேன். பிந்திவிட்டேனோ தெரியாது. முப்பத்தோராம் நாள் படையலில் உங்கள் பங்கு நம் குசினி மேசையில் இருக்கும். அக்காவும் சம்மதித்துவிட்டா. பசித்தால் வீட்டுக்குள் வாருங்கள்.

நீங்கள் 'தம்பி' என்றே கூப்பிட்ட
உங்கள் மச்சான்