அறுத்த எர்த் பின்

அண்ணா,

இன்று காலை வீட்டில் புது லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு மணிக்கட்டை அதன் மேல் வைத்தேன். எறும்பு ஊர்வது போல் சுருசுருவென்றது. கடைக்காரர் எர்த் இல்லாத இரண்டு பின் ஒயரைக் கொடுத்திருக்கிறார். உங்கள் நினைவு வந்தது. உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெட்கம்தான்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நீங்கள் எலக்ட்ரீஷியன்; நான் மாடியில் கம்ப்யூட்டரில் ஷூவுக்குப் பேட்டர்ன் போடுகிறவள். வெயில் காலத்தில் தினமும் ஷிப்ட் தொடங்குமுன், காம்பவுண்டு ஓரத்து எர்த் குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவீர்கள். குழி காய்ந்தால் கசிகிற கரண்ட் மண்ணுக்குள் இறங்காது, எர்த் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்பீர்கள். செடியில்லாத தோட்டக்காரர் என்று கேன்டீனில் உங்களைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

என் மேஜையில் இருந்த பிளக் பாக்ஸில் இரண்டு பின்தான் நுழையும். உங்களைக் கூப்பிடச் சோம்பல். ஹாக்ஸா பிளேடை எடுத்துச் சார்ஜர் பிளக்கின் தடித்த மூன்றாவது பின்னை, அந்த எர்த் பின்னை, அறுத்துவிட்டேன். பிளக் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றிலிருந்து லேப்டாப்பைத் தொட்டால் லேசாக ஷாக் அடித்தது. பழகிக்கொண்டேன்.

ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்த அன்று மேனேஜர் என் லேப்டாப்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். என்னவென்று கேட்டார். "பில்டிங் எர்த் சரியில்ல சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாய் அப்படிச் சொல்லிவிட்டது. எல்லார் முன்னாலும் உங்களைக் கூப்பிட்டு, தினமும் தண்ணீர் ஊற்றுவதெல்லாம் நாடகமா என்று கேட்டார். இரண்டு நாள் அந்த வெயிலில் குழியைத் தோண்டி, பழைய கரியையும் உப்பையும் வாரிவிட்டுப் புதிதாகப் போட்டீர்கள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாடிக்கு வந்து, என் மேஜைக்கடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தீர்கள். அறுத்த இடம் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஆளில்லை.

"பாக்ஸ் மாத்தணும்னா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லமா" என்றீர்கள்.

அவ்வளவுதான். புது ஒயரும் மூன்று பின் பாக்ஸும் போட்டுவிட்டுப் போனீர்கள். மேனேஜரிடம் நீங்கள் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டே வருஷங்கள் போய்விட்டன.

போன மாசியில் நெஞ்சுவலி என்று நீங்கள் கண்ணை மூடியதும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மேனேஜரும் வந்திருந்தார். காட்பாடியில் எலக்ட்ரிகல் படிக்கும் உங்கள் மகளிடம் ஆறுதலாகத்தான் பேசினார்.

"நல்ல மனுஷன்மா. அந்த எர்த் விஷயத்துல மட்டும் கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டாரு."

அந்தப் பெண் அழுகையை நிறுத்தி, "அப்பாவுக்காக நான் சாரி கேட்டுக்கறேன் சார்" என்றாள்.

இரண்டடி பின்னால் மாலையோடு நின்றிருந்தேன் அண்ணா. அப்போதும் வாய் திறக்கவில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை போட்டு, மணி அடிக்குமுன் கட் செய்துவிட்டேன். தன் அப்பா வேலையில் கோட்டைவிட்டவர் என்று உங்கள் மகள் இந்த நிமிஷம் வரை நம்பிக்கொண்டிருக்கிறாள்.