பிரிட்ஜோடு இறங்கிய நான்கு படிகள்

த்ருவா ரிவியேர்
மே 8, 1996

அன்பு மச்சான் கிஸ்லானுக்கு,

நலமாக இருக்கிறேன். அன்றைக்கு இந்த முதுகுவலி மையத்தில் நீ என் பெட்டியை இறக்கி, அறை வரைக்கும் தூக்கி வந்து, செருப்பைக்கூட எடுத்து வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்தான் எங்கள் பயிற்சியாளராம். பெயர் அனிக். நீ போனதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஏன், உங்களுக்குக் கை இல்லையா?"

அடிபட்ட நாளிலிருந்து மூன்று வருடமாக என் வீட்டுப் பால் பாக்கெட்டைக்கூட மச்சான்தான் தூக்குகிறான், என் வாசல் பனியையும் அவன்தான் தள்ளுகிறான் என்று பெருமையாகச் சொன்னேன். "தங்கமான மச்சான். பயிற்சி முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வரவேணாம்னு சொல்லுங்க" என்கிறாள். இருக்கிற ஒரே போனுக்கும் நீள வரிசை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் இடுப்புப் பட்டையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். டாக்டர் என் முதுகுப் படத்தைக் காட்டி, "காயம் எப்பவோ ஆறிடுச்சு. மிச்சம் தெரியறது நாப்பத்தேழு வயசுச் சுருக்கம், உங்க மூஞ்சியில இருக்கிற மாதிரி" என்றார். மனிதருக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

இங்கே ஒரு விசித்திரமான சட்டம். வலிக்கிறது என்று நிறுத்தக் கூடாது. இன்றைக்குப் பத்து தடவை என்றால் பத்தோடு நிறுத்த வேண்டும். உடம்பு லேசாக இருக்கிறதே என்று பதினொன்றாவது செய்தாலும் திட்டு விழும். நான் சும்மா இருப்பேனா? வீடு மாறுகிறவர்களின் சாமானைச் சுமக்கிறவன் என்ற திமிர். மூன்றாம் நாளே முப்பது கிலோ மணல் மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். நம் ஊர் வழக்கப்படி கோயில் பீடத்தில் இருக்கிற சாமான் ஒன்று விடாமல் பேர் சொல்லித் திட்டி அலறிவிட்டு இரண்டு நாள் படுத்தேன். "முடிஞ்சுதா வீரம்? வாங்க, ரெண்டு கிலோவிலேர்ந்து ஆரம்பிப்போம்" என்றாள் அனிக்.

ஜூன் 21-ல் பரீட்சை. அதில் தேறினால் ஜூலை முதல் தேதி குத்தகை முடிந்து ஊரே வீடு மாறும்போது நானும் பழையபடி சுமை வாரை மாட்டிக்கொள்ளலாம். தேறாவிட்டால் ஏதாவது தியேட்டர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்.

உன் அக்கா ஒடெட்டைக் கேட்டதாகச் சொல்.

உன் அத்தான்,
இவோன்


வெர்டன், மொன்றியால்
மே 16, 1996

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்காவிடம் படித்துக் காட்டினேன். முப்பது கிலோ வந்த இடத்தில், "இதே திமிருதான். அன்னைக்கும் முந்தின நாள் பீரைக் குடிச்சிட்டு வேலைக்குப் போனாரு, உடம்பு மடங்கிருச்சு" என்று பழைய பாட்டை ஆரம்பித்துவிட்டாள். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பாரம் தூக்குவதெல்லாம் வேண்டுமா அத்தான்? டிக்கெட் கிழிப்பதும் வேலைதானே. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை முதல் தேதிக்கு இப்போதே ஒன்பது வீடு. போன வாரம் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குளியல் தொட்டி. வளைந்த இரும்புப் படி. எப்படியோ இறக்கினோம்.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே கழுத்துக்காரர்களும் இருக்கிறார்களா? கழுத்து பிடித்துக்கொண்டு கை மரத்துப் போனால் அதுவும் சரியாகுமா? தெரிந்த பையன் ஒருவனுக்காகக் கேட்கிறேன்.

உங்கள்,
கிஸ்லான்


த்ருவா ரிவியேர்
ஜூன் 3, 1996

அன்பு மச்சான்,

நீ கேட்ட அந்தக் கழுத்துக்காரப் பையனுக்கு முதலில் பதில். என் சாப்பாட்டு மேசையில் ரொலாந்த் என்று முடி திருத்தும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். இருபது வருடம் தலை குனிந்தே வேலை பார்த்தவள். வந்தபோது கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவுமாம். இப்போது தலையை அங்குலம் அங்குலமாகத் திருப்பிப் பழகி, தோளுக்கும் பயிற்சி செய்து, நேற்று என் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டாள். கை உதறவே இல்லை. அவனை வரச் சொல்.

இப்போது என் சங்கதி. மச்சான், எனக்கு இதை எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. போன செவ்வாய் அனிக் என்னை நாலு காலில் நிற்க வைத்தாள். ஒரு கையை முன்னால் நீட்டி, எதிர்க் காலைப் பின்னால் நீட்டச் சொன்னாள். பிறகு ரொலாந்தை அதே மாதிரி நிற்கச் சொல்லி, அவள் முதுகில் என் உள்ளங்கையை வைத்தாள். முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் சதை மாவு போல உப்பி எழுந்தது. அந்த அம்மாள் ஒல்லிக்குச்சி! "உங்களுக்கும் இதேதான் இருக்கு. ராத்திரி பகலா உங்களை நிமுத்திப் பிடிச்சுக்கிட்டு இருக்கு, ஒரு நாளாவது நன்றி சொன்னீங்களா?" என்றாள். இருபத்தைந்து வருடம் ஊர்ப்பட்ட பிரிட்ஜையெல்லாம் சுமந்தவன் நான். எதை வைத்துச் சுமந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது சமதரையில் முப்பத்தைந்து கிலோவை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் வலியை வாசலில் உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

மாடிப்படிதான் தகராறு. மேல்படியில் நின்றால் கால் வரமாட்டேன் என்கிறது. பத்து கிலோவுக்கும் அதே கதைதான். உனக்குத் தெரியும், அன்றைக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் என் முதுகு என்னைக் கைவிட்டது. ஏதோ அறுந்தது போல இருந்தது, கண் இருட்டியது, அவ்வளவுதான் நினைவு. இன்னொரு தடவை அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கைவிட்டால்?

அனிக் கேட்கிறாள்: "எந்த அசைவுல மடங்கினீங்க? குனிஞ்சப்பவா, திரும்புனப்பவா? அது தெரிஞ்சா அதையே பழக்கிடலாம்." பிரிட்ஜ் என் முதுகில், நீ எனக்குப் பின்னால் மேல்படியில் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். கூட இருந்தவன் நீ ஒருத்தன்தான். எனக்கு என்ன ஆனது என்று யோசித்து எழுது. பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான்.

இவோன்


வெர்டன்
ஜூன் 9, 1996

அத்தான்,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது. அந்த வசந்த காலத்திலிருந்தே என் கழுத்து பிடித்துக்கொள்ளும், வலது கை மரத்துப் போகும். சொன்னால் யார் என்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள்? உங்களிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குப் பதினோராவது படியில் விரல்களில் உணர்ச்சியே போய்விட்டது. வார் கையைவிட்டு ஓடிவிட்டது.

முழுப் பாரமும் ஒரே வீச்சில் உங்கள் மேல் இறங்கியது. கீழே வீட்டுக்காரப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் விழவில்லை அத்தான். தனியாக, அத்தனை பாரத்தோடு, ஒவ்வொரு காலாக நான்கு படி இறங்கினீர்கள். அவளைத் தாண்டிப் போய் பிரிட்ஜைக் கீழே நிமிர்த்தி வைத்தீர்கள். வைத்த பிறகுதான் மடங்கினீர்கள். பிரிட்ஜில் ஒரு கீறல் இல்லை.

அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும். நீங்களே தடுமாறிவிட்டதாக எல்லோரும் பேசினார்கள், நான் பேச விட்டேன். அக்கா பீரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குனிந்து சாப்பிட்டேன். உங்கள் பால் பாக்கெட்டைத் தூக்கியதெல்லாம் இதனால்தான்.

கழுத்துக்காரப் பையன் நான்தான்.

கிஸ்லான்


த்ருவா ரிவியேர்
ஜூன் 13, 1996

கிஸ்லான்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிரித்தேன். படித்ததும் கத்திய கத்தலில் சமையல்காரர் ஓடி வந்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். மூன்று வருடம், கிஸ்லான்! ஒவ்வொரு நாள் காலையிலும் கட்டிலிலிருந்து காலை ஊன்றும்போது, இன்றைக்கு மடங்குமோ என்று நடுங்கியிருக்கிறேன்.

பிறகு கடிதத்தின் நடுப்பத்தியை மறுபடி படித்தேன். மறுபடியும் படித்தேன். நான்கு படி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது என் முதுகா?

எழுந்து போனேன். அனிக்கைக் கூப்பிட்டு முப்பத்தைந்து கிலோவைக் கட்டச் சொன்னேன். "படியில இன்னைக்குக் கணக்கு அஞ்சு கிலோதான்" என்றாள். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருபது. அதுக்கு மேல ஒரு கிராம் கிடையாது" என்று சொல்லிக் கட்டிவிட்டாள். பின்னால் யாரும் பிடிக்கவில்லை. பதினாறு படி இறங்கினேன், கீழே வந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அனிக் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பரீட்சையில் தேறிவிடுவேன். ஆனால் ஜூலை முதல் தேதி உன்னோடு தூக்க மாட்டேன். வேறு ஆளைச் சேர்த்துக்கொள்கிறேன். உன் கழுத்து சரியாகட்டும், என் கோபமும் கொஞ்சம் இறங்கட்டும், பிறகு பார்க்கலாம். அதுவரை அந்தக் கையை வைத்துக்கொண்டு யாருக்குப் பின்னாலும் படியில் நிற்காதே. இது அத்தான் சொல்கிற உத்தரவு.

26-ம் தேதி இங்கே ஓர் இடம் காலியாகிறது. உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

ஒடெட்டிடம் நான் சொல்ல மாட்டேன். நீ சொல்.

இவோன்


வெர்டன்
ஜூன் 17, 1996

அன்புள்ள அத்தானுக்கு,

ஒன்பது வீட்டையும் வேறு ஆட்களுக்குக் கைமாற்றிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

நேற்று அக்காவிடம் சொன்னேன். பட்டாணி சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் திரும்பாமல் கேட்டாள். முடித்ததும் அடுப்பை அணைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தனை படி?" என்றாள்.

"நாலு."

"தனியாவா?"

"தனியாத்தான்க்கா."

"அந்தப் பொண்ணு கீழ நின்னாளா?"

"நின்னா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "நாலு படி…" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சூப் ஆறிப்போகும் வரை திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டாள், நானும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னேன். பீர் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

பரீட்சை அன்று உங்களைப் பார்க்க வருகிறாளாம். "படிக்குக் கீழ நான்தான் நிப்பேன்" என்று சொல்லச் சொன்னாள். என்னைக் காரில் ஏற்ற மாட்டாளாம். நான் 26-ம் தேதி பஸ்ஸில் வந்து சேர்கிறேன்.

கிஸ்லான்