கரும்பலகைக்கு மேலே

பிப்ரவரி 3, திங்கள்

இன்று என் வகுப்பிலும் மாட்டிவிட்டார்கள். கரும்பலகைக்கு மேலே, சரியாக நடுவில். மரச்சட்டம், கண்ணாடி, நீல எழுத்து: 'இறைவன் எல்லாம் அறிவான்.' எல்லா அரசுப் பள்ளிகளிலும், எல்லா வகுப்புகளிலும் மாட்ட வேண்டுமாம். காலையில் பிள்ளைகள் எழுந்து நின்று சேர்ந்து படிக்க வேண்டும். வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அந்தக் குழந்தை மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம்.

ஆசிரியர் கூட்டத்தில் இதை எதிர்த்து நீளமாகப் பேசியவள் நான். இன்று அலுவலக உதவியாளர் என் நாற்காலியில் ஏறி ஆணி அடித்துவிட்டு, "நேரா இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். "இடது பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். கோணலாக இருந்தால் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

என் மூன்றாம் வகுப்பில் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு வீடு. முன்வரிசைக் கண்ணாடிக்காரியின் வீடு. பிள்ளைகள் அவளைச் 'சோடாபுட்டி' என்று கூப்பிடுவார்கள், நான் அதட்டுவேன். மாட்டியதும் எல்லோரும் எழுந்து படித்தபோது அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றாள், ஏதோ வாய்க்குள் இருந்து தப்பித்து ஓடிவிடும் என்பதுபோல.

பிப்ரவரி 6, வியாழன்

எதிர்ப்பு அதிகமாகிவிட்டதால் இரண்டாவது சுற்றறிக்கை வந்திருக்கிறது. அந்தந்தப் பள்ளியே முடிவு செய்துகொள்ளலாம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பெற்றோர், ஆசிரியர் எல்லோரையும் வைத்துக் கூட்டம். கழற்ற வேண்டும் என்று பேச என்னைப் போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும் என்று பேசப் பக்கத்து வகுப்பு டீச்சர்.

"நீ புத்தகமா படிச்சுத் தள்ளுறவ, உன்னை எப்படித்தான் சமாளிக்கப் போறேனோ" என்றாள். "ஆனா மேடையில கிழிகிழின்னு கிழிச்சுடுவேன். அந்த பிஸ்கட்டை இந்தப் பக்கம் தள்ளு."

தள்ளினேன். பள்ளியில் எனக்குச் சிநேகிதி என்று சொன்னால் இவள்தான். காலையில் ஒரு பிரார்த்தனை, மாலையில் ஒரு பிரார்த்தனை, நடுவில் வாய் ஓயாத அரட்டை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மழை. விளையாட்டு நேரம் கிடையாது என்றதும் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. எனக்கோ தொண்டை கட்டி, பேசினால் காற்றுதான் வருகிறது. மர ஸ்கேலால் மேலே இருந்த பலகையின் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினேன். "இங்க என்ன எழுதியிருக்கு?"

சட்டென்று அடங்கிவிட்டார்கள். மழைச் சத்தம் மட்டும்.

அந்த அமைதி எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். தொண்டை சரியாகும் வரைக்கும்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

தொண்டை சரியாகிவிட்டது. இன்றும் தட்டினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அறிவியல் பாடத்துக்கு வைத்திருந்த லாடக் காந்தத்தைக் காணோம். மேஜையில் இல்லை, இழுப்பறையில் இல்லை, தேடிப் பார்த்தாயிற்று. யார் எடுத்தது என்று கேட்டால் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள்.

"நான் கேக்க மாட்டேன். மேல இருக்கறதைப் படிங்க" என்றேன்.

படித்தார்கள். நான் பலகையைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மடிந்த உதட்டோடு நின்றவளிடம் என் பார்வை நின்றது. ஏன் நின்றது? நான் நிறுத்தவில்லை. ஆனால் நகர்த்தவும் இல்லை.

"நான்தான் டீச்சர்" என்றாள்.

எங்கே என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். வீட்டிலா, பையிலா? தெரியவில்லை. அழுத்தக்காரி என்று தோன்றியது. "எங்க வெச்சேன்னு ஞாபகம் வர்ற வரைக்கும் அங்க உக்காரு" என்று கடைசி பெஞ்சைக் காட்டினேன். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து அவளுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 20, வியாழன்

அவளுடைய அம்மா வந்தார். பேருந்து நடத்துநர். ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில், சீருடையோடு, தோளில் டிக்கெட் பையோடு வகுப்பு வாசலில் நின்றார்.

"எடுத்தேன்னு சொல்றா டீச்சர். எங்கடின்னா அழறா. வீட்டைத் தலைகீழாப் புரட்டிட்டோம், கிடைக்கல." குரலைத் தாழ்த்தி, "அவ பொய் சொல்ல மாட்டா. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நான் என்ன சொன்னேன்? "சின்ன வயசுல இதெல்லாம் சகஜம்தாங்க. நான் பெருசா எடுத்துக்கல." எவ்வளவு பெருந்தன்மை! அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

பிப்ரவரி 24, திங்கள்

காந்தம் கிடைத்தது.

வகுப்பு பீரோவின் பக்கவாட்டில், உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தக் குழந்தைக்கும் எட்டாத உயரம். பார்த்த நொடியிலேயே ஞாபகம் வந்துவிட்டது: கை நிறைய வரைபடங்கள், மேஜையில் இடம் இல்லை, சும்மா அப்படி ஒட்டவைத்தேன். நான். இந்தக் கையால்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான்தான் வைத்து மறந்துவிட்டேன் என்றும் சொன்னேன். "அப்புறம் ஏன்மா எடுத்தேன்னு சொன்ன?"

"நீங்க அதைப் பாத்தீங்க. அப்புறம் என்னையே பாத்தீங்க. அது உங்ககிட்ட சொல்லிடுச்சுன்னு நெனச்சேன்."

"நீ எடுக்கலையே, அது உனக்குத் தெரியாதா?"

"அதுக்குத்தான எல்லாம் தெரியும்? எனக்குத்தான் மறந்துபோச்சோன்னு..." கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்ல சாமி கிடையாது டீச்சர். அதோட ரூல்ஸ் எனக்குத் தெரியாது."

மன்னிப்புக் கேட்டேனா? தலையைத் தடவினேன். பழைய இடத்தில் உட்காரச் சொன்னேன். வகுப்பில், "காந்தம் கிடைச்சிடுச்சு" என்று மட்டும் அறிவித்தேன். எங்கே, யார் வைத்தது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டார்களே என்று எனக்கு நிம்மதி. சீ.

பிப்ரவரி 25, செவ்வாய்

கூட்டம் முடியட்டும், அவளுடைய அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நேற்று நினைத்தேன். காரணங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இப்போது சொன்னால் என் பக்கம் அடிபட்டுப் போகும். எதிர்த்துப் பேசுகிறவளே அந்தப் பலகையைப் பிரம்பாகச் சுழற்றியிருக்கிறாள் என்று சிரிப்பார்கள். பலகையைக் கழற்றுவது பெரிய விஷயம், என் மானம் சின்ன விஷயம். எவ்வளவு அழகாகப் புரட்டிப் போடுகிறேன்! நான் காப்பாற்றுவது என் மானத்தை மட்டும்தான்.

இதைவிட மோசம் ஒன்று. பேச்சில் ஏற்கெனவே ஒரு பத்தி இருக்கிறது: 'எல்லோரும் படிக்கையில் உதட்டை மடித்துக்கொண்டு தனியாக நிற்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள்.' இன்று அந்தப் பத்தியை நான் அடிக்கவில்லை. மெருகேற்றினேன்.

வீட்டில், மருந்துக்கடை வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாருடி அந்தக் குழந்தை?"

"என் வகுப்புதான்."

"பாவம். அவகிட்டயாவது சிடுசிடுன்னு இருக்காத."

மனசாட்சி பற்றி மட்டும் அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் திரும்பாமல் போய்ப் படுத்தேன்.

பிப்ரவரி 26, புதன்

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. வாயில் போட்டதை மெல்லாமல் என்னையே பார்த்தாள்.

"சாமியப் போய் போலீஸ்காரனாக்கிட்டியேடி!"

பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"ராத்திரி தூக்கம் வரலேன்னா நான் அந்த வரியைத்தான் சொல்லிக்கிட்டுப் படுப்பேன். என் கஷ்டமெல்லாம் யாரோ ஒருத்தருக்குத் தெரியும்னு. அதைத் தட்டித் தட்டிப் பிள்ளைங்களை மிரட்டுனியா? உனக்குத்தான் அதுல நம்பிக்கையே கிடையாதே!"

கிடையாது. அதனால்தான் முடிந்தது. அவளுக்கு அது துணை. எனக்கு அது கைக்கு எட்டிய ஒரு கோல்.

மேடையில் இதைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "நான் சொல்ல மாட்டேன். உன் வாயால நீ சொல்லு" என்று எழுந்து போய்விட்டாள். தட்டில் பிஸ்கட் அப்படியே இருந்தது.

பிப்ரவரி 28, வெள்ளி

பேசினேன். நன்றாகப் பேசினேன். அதுதான் கொடுமை.

அந்தக் குழந்தைப் பத்தி வந்தபோது மண்டபம் அப்படியே உறைந்துவிட்டது. அப்புறம் கைத்தட்டல். தட்டி முடிக்கும்வரை நிறுத்தி, தண்ணீர் குடித்தேன். அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது: 'அந்தக் குழந்தையைச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தவள் நான்.' அதைவிட வலுவான வாதம் என் பேச்சில் எங்குமே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பக்கத்து வகுப்பு டீச்சர் பேசியது கொஞ்ச நேரம்தான். ஒருமுறைகூட என் பக்கம் பார்க்கவில்லை.

தலைமையாசிரியர் வழக்கம்போல யாருக்கும் வலிக்காத முடிவை அறிவித்தார். "அவங்கவங்க வகுப்பு, அவங்கவங்க விருப்பம்." வகுப்பாசிரியர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கழற்றிவிடலாம்.

வெளியே வந்தால் படியருகில் சீருடையில் கண்ணாடிக்காரியின் அம்மா. பின்னால் நின்று கேட்டிருக்கிறார்.

"என் பொண்ணைப் பத்தித்தானே பேசினீங்க?"

"ஆமாங்க."

"காந்தம் எங்க இருந்துச்சுன்னு அன்னைக்கே வந்து சொல்லிட்டா." டிக்கெட் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நல்லா இருந்துச்சு டீச்சர். முழுசாச் சொல்லுவீங்கன்னு கடைசி வரைக்கும் நின்னேன்."

வண்டிக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

பலகையைக் கழற்றினார்கள். "டீச்சர், இனிமே அதுக்கு எதுவும் தெரியாதா?" என்று ஒரு பையன் கேட்டான்.

பிறகு வகுப்பு முழுவதற்கும் நடந்ததைச் சொன்னேன். எழுதி வைத்துக்கொள்ளாமல், அலங்காரம் இல்லாமல். காந்தத்தை பீரோவில் ஒட்டவைத்தது நான். மறந்தது நான். இவள் எடுக்கவில்லை. இவள்மீது சந்தேகப்பட்டுப் பயமுறுத்தியது நான். "என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

அப்புறம் வாயாடி ஒருத்தி, "அப்போ நீங்கதான் டீச்சர் கடைசி பெஞ்சுல உக்காரணும்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். பாடத்தை அங்கிருந்தே நடத்தச் சொன்னார்கள், நடத்தினேன்.

முன்வரிசையில் கண்ணாடிக்காரியின் இரட்டைச் சடை மட்டும் திரும்பவே இல்லை. ஏன் சிரித்தேன்? ஒரு விளையாட்டாக்கி, அதிலும் தப்பித்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

தலைமையாசிரியர் கூப்பிட்டார். கண்ணாடிக்காரியைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றக் கேட்டிருக்கிறார் அம்மா.

"எனக்கே புரியலம்மா" என்றார். "அந்த வகுப்புல பலகை அப்படியே இருக்குமே, உங்களுக்குத்தான் அது வேண்டாமேன்னேன். 'பரவாயில்ல சார், அந்த டீச்சர் மனசுல இருக்கறது சுவத்துலயே தெரியுது. அதோட என் பொண்ணு பழகிப்பா'ன்னுட்டாங்க. ஏம்மா, உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

புரியவில்லை சார் என்றேன். பழக்கம்.

கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து, புரிகிறது என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து கேட்டார். கடைசியில், "சரி, திங்கட்கிழமை நீங்களே கொண்டுபோய் விடுங்க" என்றார்.

மார்ச் 10, திங்கள்

காலை மணி அடிப்பதற்கு முன் அவளை அழைத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் கதவுதான். பையை நான் தூக்குகிறேன் என்றேன், தரவில்லை.

வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே பிள்ளைகள் எழுந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். எட்டி ஒருமுறை கரும்பலகைக்கு மேலே பார்த்தாள். என் விரலைப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டாள்.

"நான் படிக்காம நின்னா அந்த டீச்சர் என்னைப் பாப்பாங்களா?"

"பாக்க மாட்டாங்க."

"எப்படித் தெரியும்?"

"அதைச் சொல்லும்போது அவங்க கண்ணை மூடிப்பாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.