கபாடிக்குப் போகாத பாட்டில்கள்

முருகன் துணை

துவாரகா, புது தில்லி
கார்த்திகை மாதம், புதன்கிழமை

அன்பு மகள் கவிப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, முருகன் வைத்தபடி சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேச எனக்கு வரவில்லை. நம் மூன்றாவது மாடி மஞ்சு லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறாள், பருப்புப்பொடியோடு இதையும் அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். தமிழ் படிக்க உனக்கு நேரமாகும் என்று தெரியும், அதனால் பெரிய எழுத்தாகவே எழுதியிருக்கிறேன், நிதானமாக எழுத்துக் கூட்டிப் படி. மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லி நீ கேட்டுக்கொண்டு உட்காராதே.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போனைத் திருப்பிப் பிடித்தபோது ஜன்னல் திட்டிலும் டிவி ஸ்டாண்டிலும் ஃபிரிட்ஜ் மேலேயும் வரிசையாக இருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது வீடா, பழைய சாமான் வாங்கற கபாடி கடையா, சாஸ் பாட்டில்ல எல்லாம் வாடின பூவ வெச்சுட்டு, நான் நல்லதா ஒரு வாஸ் ஆர்டர் பண்றேன், இதெல்லாம் தூக்கிப் போடு" என்று சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார், அதற்கப்புறம் அவர் குரல் வராததற்கு நீ நெட் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டாய். அந்தப் பாட்டில்கள் என்னுடையவை இல்லை கவி, அப்பாவுடையவை. அதில் இருந்த ஒவ்வொரு பூவும் அப்பா தன் வலது கையால் வைத்தது.

ஆடியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் நீ பறந்து வந்து பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாய். நீ கிளம்பும்போது கைத்தடியோடு நடந்தார், பேச்சும் தெளிந்துவிட்டது, வலது கை மட்டும்தான் சொன்னபடி கேட்கவில்லை, அதுவும் மெல்ல வரும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு விமானம் ஏறினாய். ஒன்றை மட்டும் உன்னிடம் நான் சொல்லவில்லை. அப்பா பூஜை அறைக்குள் போவதை விட்டுவிட்டார். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்து, ஆபீஸ் நாளோ லீவு நாளோ, குளித்த ஈரம் காய்வதற்குள் முருகனுக்கு நூற்றெட்டு நாமம் சொல்லிப் பூப் போடாமல் அவர் காபி குடித்து நீ பார்த்திருக்கிறாயா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். விரல் கூடவில்லை, ஒரு பூவை எடுக்கப் போய்த் தட்டே சாய்ந்துவிட்டது. இடது கையால் போடுங்கள், அவன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான் என்றேன். "ஏன் பொன்னி, இடது கையால அஞ்சு ரூவா நீட்டினா நீயே வாங்க மாட்ட, சாமிக்கு மட்டும் போடச் சொல்றியா" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டார். அது நிஜம்தானே, எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணைக்கூட வலது கையால் கொடுக்கப் பழக்கி வைத்தவள் நான். அன்றிலிருந்து பூஜையை நான் செய்தேன். நான் மணி அடிக்கிற நேரத்தில் அவர் டிவியில் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். அந்தச் சத்தத்தில் எனக்கு நாமமே தடுமாறும்.

வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற பிசியோதெரபிப் பெண் ரேணு பந்தை அமுக்கச் சொன்னாள், துணி கிளிப்பை மாட்டச் சொன்னாள், ராஜ்மாவை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடச் சொன்னாள். அவள் கொடுத்த இங்கிலீஷ் காகிதத்தை நான் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அப்பா நாலு நாள் செய்தார், ஐந்தாம் நாள் "நான் என்ன எல்.கே.ஜி. பையனா" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். சோபாவுக்கு அடியில் பெருக்கினால் இன்றைக்கும் ராஜ்மா வருகிறது. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கோயில் வாசலில் பூ விற்கிற கள்ளக்குறிச்சிப் பவுனு, கடை எடுக்கிற நேரமாகிவிட்டதால், மிஞ்சின கிளாடியோலஸ் தண்டு ஐந்தை முப்பது ரூபாய்க்குத் தந்தாள். நம் வீட்டில் ஜாடி ஏது, கழுவி வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்து மேஜையில் வைத்தேன், அதற்குள் பால் பொங்குகிற சத்தம், பூவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால் இரண்டு தண்டு பாட்டிலுக்குள் நிற்கிறது. "தண்ணியில்லாம கெடந்தா வாடிப்போகும்ல" என்றார், என்னமோ நான் திட்ட வந்ததுபோல. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த உயரத் தண்டுக்கு அந்தப் பாட்டில் சாயும், ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆக வேண்டும். இடது கை பாட்டிலைப் பிடித்தால் தண்டை எடுக்க வலது கைதான் மிச்சம். அவருக்கே தெரியாமல் அது நடந்திருக்கிறது. மறுநாளும் பூ வாங்கி வந்து மேஜையில் போட்டுவிட்டு, அடுப்பில் இல்லாத பாலைப் பார்க்கப் போனேன்.

அப்படித்தான் பாட்டில் சேர்ந்தது. ரேணு வந்து பார்த்துவிட்டு அரே வாஹ் அங்கிள்ஜி என்று கைதட்டினாள், பந்தையும் கிளிப்பையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, பாட்டில் வாய் இனி சின்னதாகிக்கொண்டே போகட்டும் ஆன்ட்டிஜி என்றாள். ஹார்லிக்ஸிலிருந்து காபி பாட்டில், அப்புறம் ஸ்குவாஷ், சாஸ், அப்பாவின் டானிக் பாட்டில், எல்லாவற்றையும்விடச் சின்ன வாயாக நான் அபிஷேகத்துக்கு வாங்கின பன்னீர் பாட்டில். நீயும் செய்து பார் கவி, உன் சிங்குக்கு அடியிலும் ஜாம் பாட்டில் நாலு கிடக்கும். வெந்நீரில் சோடா உப்புப் போட்டு ஊற வைத்தால் லேபிள் தானாக வரும், பிசின் மட்டும் நின்றால் தேங்காய் எண்ணெய் தடவித் துடை. சாஸ் வாடை போகவில்லை என்றால் ஒரு பிடி அரிசியும் உப்பும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்கு. லேசான பாட்டிலுக்கு அடியில் கூழாங்கல் போடு, தண்டைச் சாய்வாக நறுக்கு, தண்ணீருக்குள் இலை இருந்தால் அழுகி நாறும், அதைக் கிள்ளிவிடு. தினமும் தண்ணீர் மாற்றினால் சாமந்தி ஒரு வாரம்கூட நிற்கும். விலை கொடுத்து பொக்கே வாங்காதே, ஒரு பாட்டிலுக்கு ஒரே ஒரு தண்டு வைத்து ஐந்தாறு பாட்டிலை வெவ்வேறு உயரத்தில் சேர்த்து வைத்தால் அதுவே அழகுதான். இங்கே விலை குறைந்த பூவாகத்தான் வாங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அப்பா பாதியை ஒடித்துவிடுவார். பவுனு கழுத்து வளைந்தது, இதழ் உதிர்ந்தது எல்லாம் தனியாக எடுத்து வைத்துப் போகிற வழியில் வீட்டிலேயே கொடுப்பாள். ஒருநாள் மேஜையடியில் ஒடிந்து கிடந்த தண்டுகளைப் பார்த்துவிட்டு, "ஐயாவுக்குப் பூ குடுக்கறதும் ஆட்டுக்குட்டிக்குக் குடுக்கறதும் ஒண்ணுதான் பொன்னிக்கா" என்றாள். "ஒடிஞ்சத விக்கிறவளுக்கு வாயப் பாரு" என்றார் அப்பா. "ஒடிக்கிறவருக்கு நேரா நிக்கிறது எதுக்கு" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். அப்பா சிரித்தார் கவி, ஆடிக்கு அப்புறம் அன்றுதான். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, எந்தப் பாட்டில், எத்தனை தண்டு நின்றது, எத்தனை ஒடிந்தது என்று எழுதி வந்தேன். கார்த்திகை முதல் தேதி சாஸ் பாட்டிலில் ஏழு நின்றது, ஒன்றுதான் ஒடிந்தது.

இங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது. கிருத்திகை அன்று அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கோயில் பஜனையில் பாடுகிற பட்டாபி மாமாவையும் மாமியையும் வரச்சொல்லி, விளக்கேற்றி, தட்டில் உதிரிச் சாமந்தி வைத்து, வாங்க என்று அவரைக் கூப்பிட்டுவிட்டேன். வந்தவர்களுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் வந்து உட்கார்ந்தார். பூவை எடுத்தார், சுட்டுவிரல் படாமல் மூன்று விரலும் கூடி பழைய மாதிரியே எடுத்தார். ஆனால் விட முடியவில்லை. பாட்டில் என்றால் தண்டை அந்த வாயே பிடித்துக்கொள்ளும், கையை உருவிக்கொண்டால் போதும். இங்கே விரலைத் திறந்தால்தான் பூ விழும், விரல் திறக்கவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் நீட்டின கை அப்படியே நின்றது, பூ கைக்குள்ளேயே கசங்கியது, கடைசியில் இடது கையால் வலது கை விரல்களைப் பிரித்து அதை எடுத்தார். பட்டாபி மாமா பெரிய மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கிவிட்டார். அப்பா நாலு நாள் மேஜைப் பக்கம் வரவில்லை, பாட்டிலில் இருந்த பூவெல்லாம் தலை தொங்கிப்போனது. அந்த நாலாவது நாள்தான் நீ போன் செய்த ஞாயிற்றுக்கிழமை. உன்மேல் குற்றமில்லை கவி, கூட்டம் சேர்த்தது நான்.

திங்கட்கிழமை காலையில் கீழே கபாடிவாலா கூவினான். கண்ணில் படுவதால்தானே வருத்தம் என்று நான் கோணிப்பையில் பாட்டில்களைப் போட ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு அப்பா வந்து என்ன பண்ற என்றார். கவி சொன்னாளே என்றேன். "அவ சொன்னா? அவளா தெனம் பூ வெக்கிறா?" என்று பைக்குள் கையை விட்டு சாஸ் பாட்டிலை எடுத்தார். அதில் வாடின சாமந்தி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உருவிக் குப்பை வாளிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றார், வெகுநேரம் நின்றார், கபாடிவாலா அடுத்த பிளாக்குக்கே போய்விட்டான். மெல்ல விரல் திறந்து பூ வாளிக்குள் விழுந்தது. பிறகு இன்னொரு பாட்டிலை எடுத்தார். பழைய பூவை எடுத்துப் போடுகிற வேலையை இத்தனை நாளும் நானே செய்துகொண்டிருந்தேன், அதையும் அவரிடம் விட்டிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, ரேணுவுக்கும் தோன்றவில்லை. "நீ பாட்டிலக் கழுவிக் குடு, போதும். சாமியப் பத்தி எங்கிட்டப் பேசாத" என்றார். அதனால் நீ வாஸ் எதுவும் அனுப்ப வேண்டாம். போனில் கையைக் காட்டச் சொல்லியும் கேட்காதே, விரல் எப்படி இருக்கிறது என்று தினம் நாலு பேர் கேட்டால் அவருக்கு எரிச்சல் வருகிறது. இன்றைக்கு என்ன பூ வந்தது என்று கேள், பேசுவார்.

நேற்று இத்தோடு நிறுத்தியிருந்தேன், இது வியாழக்கிழமை எழுதுவது. காலையில் பூஜைக்கு உட்கார்ந்து மணியை எடுத்தேன், டிவிச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அப்பா குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு நிலைப்படியில் நிற்கிறார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை நான், நகர்ந்து இடம் விட்டேன். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டிலிருந்து ஒரு பூ எடுத்து நீட்டினார். குக்கர் மூன்று விசில் போட்டது, நான் எழுந்து போகவில்லை. விரல் திறந்தது, ஆனால் பூ முருகனிடம் போய்ச் சேராமல் தரையில் விழுந்துவிட்டது. தரையில் விழுந்த பூவைச் சாமிக்குப் போடக் கூடாது என்பது இந்த வீட்டில் நாற்பது வருஷமாக நான் வைத்த சட்டம், அதற்காக நீ என்னிடம் அடிகூட வாங்கியிருக்கிறாய். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தப் பூவையே எடுத்து முருகன் காலடியில் வைத்து, ம், அடுத்த நாமம் சொல்லுங்கள் என்றேன். மீதி நூற்றேழுக்கும் அவர் சொல்லச் சொல்ல நான் போட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் அவருக்கு மறந்துபோயிற்று, நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவரே பிடித்துக்கொண்டார். அப்புறம் ஆறிப்போன காபியை அப்படியே குடித்தார்.

பருப்புப்பொடியில் ஈரக் கரண்டி போடாதே. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, காலுறை போட்டுக்கொள். மாப்பிள்ளையை நாங்கள் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து வாழ முருகன் துணையிருப்பான். இதற்குள் மடித்து வைத்திருப்பது இன்றைய திருநீறு. நான் எடுத்து வைக்கப் போனேன், "கவிக்குத்தானே, இங்க குடு" என்று அப்பா வாங்கிக்கொண்டார். அவர் கையால் எடுத்துப் போட்டதில் பாதி இந்தக் காகிதத்திலேயே சிந்திவிட்டது. தட்டிவிடாதே, அதையும் சேர்த்து எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
பொன்னி